மதர்போர்ட் வாங்குவதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டியது

சுதா,

நீ சொன்ன மதர்போர்டை நான் இன்னும் வாங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனது உண்மை. கடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றதும் உண்மை. அன்று சாயங்காலம் நீ கோல் எடுத்தபோது, "கடையில ஸ்டாக் இல்ல மகன், அடுத்த வாரம் வருமாம்" என்று சொன்னேனே, அதுதான் பொய். இரண்டு போர்ட்களையும் பெட்டியைத் திறந்தே எனக்குக் காட்டினார்கள். நான்தான் வாங்காமல் திரும்பி வந்தேன். ஏன் என்று ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்து கொஞ்சம் ஆடும். பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் வாசி.

தை மாதம் உனக்குக் கல்யாணம். மேனகாவுக்கு ராகலைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவளை இங்கே விட்டுவிட்டு நீ கொழும்பில் தனியாக அறை எடுத்து இருக்க வேண்டாம், வீட்டோடு வந்து இங்கிருந்தே வேலை செய்வது என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தீர்கள். நல்ல முடிவுதான். ஆனால் உன்னைப் புதிதாக எடுத்த வெளிநாட்டுக் கம்பனி முதல் மூன்று மாதம் உன் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்கும் என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு மனது ஒரு இடத்தில் நிற்கவில்லை. மூன்று மாதத்தில் இங்கே எத்தனை தடவை கரண்ட் போகும், எத்தனை தடவை வோல்டேஜ் விழும் என்று எனக்குத் தெரியும். காலையில் ஸ்டோரில், அதுதான் தோட்டத்துத் தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கும் ரோலர்களை ஓடவிட்டால் நம் வீட்டு பல்ப் ஒரு தரம் மங்கி எரியும். முப்பத்தொரு வருடமாக அந்த சுவிட்ச்சைப் போடுகிறவன் நான்தான். நீ வெளிநாட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது உன் மெசின் அணைந்துபோவதாக நான் பகலிலேயே யோசித்துக்கொண்டு நிற்கிறேன். அன்றைக்கு மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கையா இரண்டு தரம் கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லையாம்.

"மத்ததெல்லாம் நானே கொண்டு வாறேன்ப்பா. போர்ட மட்டும் நீங்க பாத்து வாங்கி வைங்க. நம்ம வீட்டு கரண்டுக்கு எது தாங்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று நீ சொன்னாய். நீ அதைச் சாதாரணமாகச் சொல்லியிருப்பாய். எனக்கு அது சாதாரணமாக இல்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு நீ என்னை நம்பி ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறாய்.

கடையில் இருந்தது மேனகா வயதில் ஒரு பிள்ளை. முன்பு நான் சாமான் வாங்கிய பழைய கடை இப்போது இல்லை, அது ஃபோன் விற்கும் இடமாகிவிட்டது. இது பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, புதுக்கடை. "அங்கிள், மொதல்ல ப்ரொசசர் என்னன்னு சொல்லுங்க. போர்ட பெறகு பாப்போம்" என்றாள். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன், அதைக் கொடுத்தேன். ப்ரொசசர் உட்காரும் சொக்கட் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்று அவள் சொன்னாள். போர்டுக்குள் இருக்கும் பயோஸ் என்ற மென்பொருள் பழையதாக இருந்தால் புது ப்ரொசசரை அதற்கு அடையாளம் தெரியாது. பூட்டி முடித்து சுவிட்ச்சைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். ஆள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்துபோவான். அதனால் போர்ட் செய்தவர்களின் இணையப் பக்கத்தில் எந்த ப்ரொசசருக்கு எந்த பயோஸ் வேண்டும் என்ற பட்டியல் இருக்கும், அதைப் பார்க்காமல் எடுக்கவே கூடாது என்றாள். ப்ரொசசர் இல்லாமலே பயோஸை மாற்றுவதற்குப் பின்பக்கம் ஒரு பட்டன் வைத்த போர்ட்களும் இருக்கின்றனவாம். அந்தப் பட்டன் உள்ளதை எடுத்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

இரண்டு போர்ட்களைக் காட்டினாள். நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். நல்ல பாரம். மற்றதை எடுத்தேன், இலேசாக இருந்தது. என் மனது உடனே முதலாவதின் பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் அதைக் கண்டுகொண்டாள். "பாரத்த பாத்து எடுக்காதீங்க அங்கிள். அதுல பாதி மேல போட்ட மூடியும் லைட்டுந்தான். ப்ரொசசருக்குக் கரண்ட பிரிச்சுக் குடுக்குற எடம் எப்பிடி இருக்குன்னு பாருங்க" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால், இதே மாதிரி ஒரு போர்டை நான் இதற்கு முன்னாலும் கையில் பாரம் பார்த்திருக்கிறேன். "மகன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாறேன் பிள்ள" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நீ ஹட்டனில் டிப்ளோமா படிக்கப் போன வருடம் நம் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது உனக்கு நினைவிருக்கும். தோட்டத்துக்கே கரண்ட் வேலை பார்க்கிறவன், கடைக்காரன் பூட்டிக் கொடுத்ததை வாங்கி வருவதா என்று எனக்கு ஒரு வீம்பு. சாமான்களைத் தனித்தனியாக வாங்கி வந்து நானே பூட்டினேன். நீயும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள். அது ஓடியதும் நீ என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய். பக்கத்து வீட்டு ஆட்களைக்கூட அம்மா கூப்பிட்டுக் காட்டினாள். அந்த போர்ட் புதிது என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன், பெட்டியையும் காட்டினேன். சுதா, அது புதிதில்லை. ஏதோ ஒரு ஒஃபிஸில் பல வருடம் ஓடிக் கழற்றியது. கடையில் புதியது ஒன்றும் இருந்தது. கடைக்காரன் ஒளிக்காமல் சொன்னான்: "அண்ணே, இது கழட்டுனது. இதுக்கு வாரன்டி கெடையாது. புள்ள படிக்கிறதுக்குன்னா புதுச எடுங்க." இரண்டையும் கையில் பாரம் பார்த்துவிட்டு நான் பழையதை எடுத்தேன். காசுக்காக எடுத்தேன் என்று நீ நினைப்பாய். அதுவாக இருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. ஸ்டோரில் ஓடுகிற மோட்டார்களை நீ பார்த்திருக்கிறாய், வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனவை, இன்றைக்கும் ஓடுகின்றன. பாரமான பழைய சாமான்தான் நிற்கும், இலேசான புதுச் சாமான் எல்லாம் ஏமாற்று என்று எனக்கு ஒரு முடிவு. அந்தக் கடைப் பையனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் பழையது என்று சொன்னால் நீ முகம் சுருங்குவாய் என்றும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவனிடமே ஒரு புதுப் போர்டின் வெறும் பெட்டியைக் கேட்டு வாங்கி, அதற்குள் வைத்துக் கொண்டு வந்தேன்.

எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு நிற்கத் தொடங்கியது. நீ டிப்ளோமாவின் கடைசி வேலைத்திட்டத்தை வீட்டிலிருந்து செய்துகொண்டிருந்தாய். தோட்டத்து மருத்துவிச்சி அக்கா பிள்ளைகளின் தடுப்பூசிக் கணக்கைக் கொப்பியில் தேடி அலைவதைப் பார்த்து, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி எப்போது என்று காட்டும் ஒரு மென்பொருள். அந்த அக்கா நம் வீட்டுக்கே வந்து பார்த்து, "இது வந்துச்சுன்னா எனக்குப் பாதி தலவலி கொறஞ்சிரும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ எழுதிக்கொண்டிருக்கும்போதே மெசின் சட்டென்று அணைந்துவிடும். திரும்பப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகும் அணையும்.

"அப்பா, நான் ஒண்ணுமே செய்யல. தானா நிக்குது" என்றாய்.

"மெசின் ஒண்ணும் தானா நிக்காது. நீ கேம் வெளையாடிச் சூடாக்குற" என்றேன்.

"வெளையாடலப்பா. நீங்க வேணும்னா பக்கத்துல ஒக்காந்து பாருங்க."

"முப்பது வீட்டுக்குக் கரண்ட் இழுத்தவன்டா நான். எனக்கு நீ சொல்லித் தராத."

அதோடு நிற்கவில்லை. மெசினுக்குக் கரண்ட் போகும் வயரைக் கழற்றி என் சாமான் பையில் போட்டு ஸ்டோருக்குக் கொண்டுபோய்விட்டேன். சாயங்காலம் வந்துதான் கொடுப்பேன். இரண்டு மணித்தியாலம், அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். நான் பக்கத்தில் இருக்கும்போதும் அது நின்றது. அப்போதும் நான் விடவில்லை, பகலில் நீ வேறு வயர் கொண்டுவந்து போட்டிருப்பாய் என்று சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ வாதாடுவதை விட்டுவிட்டாய். பகலெல்லாம் கொப்பியில் பேனாவால் எழுதி வைத்து, அந்த இரண்டு மணித்தியாலத்தில் அதைப் பார்த்துப் பார்த்து அடித்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ ஹட்டனுக்குப் போய்க் காட்ட வேண்டிய நாளுக்கு முதல் நாள் அது கடைசியாக அணைந்தது. அதற்குப் பிறகு ஓடியபோது உள்ளே இருந்த உன் வேலை திறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து டிஸ்க்கில் பழுதாகிவிட்டது என்று பிறகு நீ யாருக்கோ சொல்லக் கேட்டேன். மறுநாள் நீ அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனாய். கொப்பியைப் பார்த்து அவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். நீ வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அப்பா அன்னைக்கே சொன்னாருல்ல, கேட்டியா?" என்று ஏசினாள். அந்த மாதமே கொழும்புக்குப் போய்ப் புடவைக் கடையில் வேலைக்கு நின்றாய். டிப்ளோமாவை முடிக்கவே இல்லை. இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு நீயாகவே ஒவ்வொன்றாகப் படித்து வந்தாய். அதில் என் பங்கு என்று ஒன்றுமில்லை.

நீ போய் இரண்டு வாரத்தில் நான் அந்த மெசினின் மூடியைக் கழற்றினேன். டோர்ச் அடித்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ப்ரொசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னக் குழாய் மாதிரியான கெப்பாசிட்டர்களில் நாலைந்து, தலை வீங்கி நின்றன. ஒன்று வெடித்துப் பழுப்பாக ஒழுகிக் காய்ந்திருந்தது. கரண்ட் வேலை தெரிந்தவனுக்கு அதைப் பார்த்த பிறகு வேறு விளக்கம் தேவையில்லை. நீ விளையாடவில்லை. நீ பொய் சொல்லவில்லை. நான் பத்து நிமிடம் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். பார்க்காமல் இருந்ததற்குக் காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு முதலிலிருந்தே ஒரு பயம் இருந்ததுதான். அந்த போர்டை ஸ்டோருக்குக் கொண்டுபோய்ப் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். அந்த வாரம் ஒரு நாள் பெரிய இடி இடித்தது. அம்மா கேட்டபோது, "இடி தாக்கி போர்ட் போயிருச்சு" என்றேன். உனக்கும் அதையே ஃபோனில் சொன்னேன். நீ "ம்" என்றாய்.

இதைத்தான் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கிறேன், மகன். இதைத் தெரிந்துகொள்ளாமல் நீ என்னிடம் போர்ட் வாங்கச் சொல்வது சரியில்லை.

இனி நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உனக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள். கழற்றியது எதையும் எடுக்காதே, எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும். ஒரு போர்ட் எத்தனை வருடம் எந்தச் சூட்டில் ஓடியது என்று பார்த்துச் சொல்ல முடியாது; எனக்கே முடியவில்லை. உள்நாட்டு முகவர் கொடுக்கும் வாரன்டி ஸ்டிக்கர் போர்டிலேயே ஒட்டியிருக்க வேண்டும், பெட்டியில் ஒட்டியிருந்தால் போதாது. பெட்டியை வைத்து ஏமாற்றலாம் என்பதற்கு நானே சாட்சி. கரண்ட் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டி பூட்டியிருக்கிறதா என்று பார். இப்போது திட கெப்பாசிட்டர்தான் வருகிறது, அந்தப் பழைய வீக்கம் வராது. ஆனால் சூடு வந்தால் எதுவும் நிற்காது. வாங்கிய முதல் வாரம் புகழ்ந்து எழுதுகிறவர்களை நம்பாதே, ஒரு வருடம் பாவித்தவர்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்று தேடி வாசி. சொக்கட்டுக்குள் இருக்கும் ஊசிகள் மயிரை விட மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் போர்ட் வீண். வளைந்ததற்கு வாரன்டியும் இல்லையாம். அதனால் கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால், கடைக்காரர் பார்க்கவே மூடியைத் திறந்து ஃபோனில் படம் எடுத்துவிடு. நல்ல போர்டை எடுத்துவிட்டு பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதே. ஒன்று இன்னொன்றைக் கொன்றுவிடும்.

இங்கே இருப்பதால் இன்னும் இரண்டு விஷயம். மழைக்காலத்தில் ஜன்னல் வழியாக மூட்டம் வீட்டுக்குள் வந்துவிடும், உனக்குத் தெரியாததில்லை. ஈரம் பிடிக்காமல் இருக்க அம்மா எல்லாவற்றையும் பொலித்தீன் போட்டு மூடுவாள். மெசினை மூட விடாதே, ஈரம் உள்ளேயே நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். அடுத்தது இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி கரண்ட் வயரில் மட்டும் வராது, இன்டர்நெட் வயரிலும் வரும். வானம் இருட்டினால் இரண்டையும் கழற்றிவிடு. உன் அறைக்குத் தனியாக எர்த் கம்பி இறக்கியிருக்கிறேன். மூன்று தரம் சோதித்துவிட்டேன். நாலாவது தரம் மீட்டரை எடுத்துக்கொண்டு போனபோது அம்மா, "அந்தக் கம்பி ஓடியா போகும்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கொழுந்து பறித்துவிட்டு வந்து காலில் அட்டைக்கடிக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி கேட்டு வாங்கியது முதல். அவள் உப்பைக் கையில் வைத்தபடியே கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"நானும் சேந்துல்ல அவன ஏசுனேன்" என்றாள். "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமே. ஒம்போது வருசமா எம்புள்ள பொய் சொன்னான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே."

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "ஃபோன்ல சொல்லாதீங்க. அவன் சரிப்பான்னு சொன்னதும் அதோட விட்டுருவீங்க. எழுதிக் குடுங்க. அவன் வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதால்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நானாக எடுத்திருப்பேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று நீ திரும்பவும் கோல் எடுத்தாய். "போர்ட் வந்துருச்சாப்பா?" என்றாய். ஒரு கடிதம் வரும், வாசித்துவிட்டுச் சொல் என்றேன். "கடிதமா? ஏன்ப்பா, ஒடம்புக்கு எதும் சரியில்லையா?" என்று பதறினாய். நான் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் உனக்கு என்ன சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. நான் நலமாகத்தான் இருக்கிறேன். அடுத்த வருடம் ஓய்வு. கண் கொஞ்சம் மங்கல், கை கொஞ்சம் ஆட்டம், வேறொன்றும் இல்லை. அதற்காகப் பயப்படாதே.

கடைப் பிள்ளையிடம் பேசிவிட்டேன். இலேசான போர்டில்தான் கரண்ட் பிரிக்கும் இடம் நல்லதாம், அதை அடுத்த வாரம் சனிக்கிழமை வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைப்பதாகச் சொன்னாள். நீ வந்து பார்த்து எடுப்பதாக இருந்தால் நானும் கூட வருகிறேன், அல்லது நீ தனியாகப் போய் எடு. இல்லை, இதை வாசித்த பிறகும் நான்தான் வாங்க வேண்டும் என்று நீ சொன்னால், அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்டு வாங்கி வருவேன். எதுவானாலும் நீ சொல்.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். முதல் பஸ்ஸில் ராகலைக்குப் போய் இதை நானே பதிவுத் தபாலில் போடுவேன். உன் கைக்கு வர இரண்டு மூன்று நாளாகும் என்கிறார்கள். அந்த நாளெல்லாம் ஸ்டோரில் இருந்தாலும் ஃபோனைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். ரோலர் சத்தத்தில் கேட்காவிட்டாலும் பையில் அதிர்வது தெரியும், வெளியே வந்து பேசுவேன். ஏசுவதாக இருந்தாலும் கோல் எடு.

உன் அப்பா